கூரியர் பெட்டியை எங்கிருந்து எங்கே வரை அளப்பது?

#1 அச்சுமுறுக்கு_செங்காங்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் செங்காங்கில் வீட்டிலேயே அச்சு முறுக்கும் கை முறுக்கும் சுட்டு விற்கிறேன். உள்ளூருக்கு நானோ வீட்டுக்காரரோ கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். இரண்டு வருடமாக வெளிநாட்டிலிருந்தும் கேட்கிறார்கள், அதில்தான் இந்தச் சிக்கல்.

சென்ற மாதம் லண்டனுக்கு ஆறு டின் அனுப்பினேன். தராசில் 3.2 கிலோ. பெட்டியின் அடியில் 40 × 30 × 25 என்று அச்சடித்திருந்தது, அதையே கூரியர் தளத்தில் போட்டேன். 6 கிலோ என்று கணக்கு காட்டியது. 3.2 கிலோ எப்படி 6 ஆனது என்று புரியாமலே பணம் கட்டினேன். மூன்று வாரம் கழித்து இன்னொரு பில் வருகிறது: பெட்டி 42 × 32 × 28, எடை 8 கிலோ, மீதிப் பணத்தைக் கட்டுங்கள் என்று. அந்த ஒரு பெட்டியில் எனக்குக் கிடைத்த லாபம் முழுவதும் அதிலேயே போய்விட்டது.

அவர்கள் தப்பாக அளந்தார்களா, நான் தப்பாக அளந்தேனா? தீபாவளிக்குள் மெல்பர்னுக்கும் லண்டனுக்கும் பத்துப் பன்னிரண்டு பெட்டி போக வேண்டும். அதற்குள் இதைச் சரியாகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

#2 பெனோய்_கிடங்கு

அக்கா, 18 வருடமாகக் கிடங்கில்தான் வேலை. உங்கள் பில்லில் இருக்கும் அளவு அநேகமாகச் சரிதான். கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், பாருங்கள்.

பெட்டியின் அடியில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் உள்ளளவு. பெட்டி விற்பவருக்கு உள்ளே எவ்வளவு பொருள் போகும் என்பதுதான் முக்கியம். கூரியருக்கோ விமானத்தில் அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதுதான் முக்கியம், அதனால் அவர்கள் வெளியளவைத்தான் எடுப்பார்கள். உங்களுடையது டபுள் வால், அதாவது ஐந்தடுக்கு அட்டை என்று நினைக்கிறேன். அதன் தடிமன் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். நீளத்தில் இரண்டு பக்கச் சுவர், அகலத்திலும் இரண்டு. ஆக 41.4, 31.4. உயரத்தில்தான் பலரும் ஏமாறுவது. மேலே மடிப்பின் மேல் மடிப்பு என்று இரண்டு அடுக்கு, கீழேயும் அதே போல் இரண்டு. மொத்தம் நான்கு அட்டை, 2.8 செமீ. ஆக 27.8. அதை மேல் எண்ணுக்கு ஏற்றினால் 42 × 32 × 28. பில்லில் அதேதானே இருக்கிறது?

இப்போது எடை. விமானம் தாங்கும் எடை நிறைவதற்கு முன்னாலேயே அதில் இடம் தீர்ந்துவிடும். அதனால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செமீயில் பெருக்கி 5000-ஆல் வகுத்து அதற்கு ஓர் எடை வைக்கிறார்கள். வால்யூம் வெயிட் என்போம். எக்ஸ்பிரஸ் கூரியர்களில் பரவலாக இந்த 5000-தான், வழக்கமான விமானச் சரக்கில் 6000. தராசு எடை, வால்யூம் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு, அதையும் அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றிவிடுவார்கள். நீங்கள் போட்டது 30,000 ÷ 5000 = 6. அவர்கள் அளந்தது 37,632 ÷ 5000 = 7.53, அது 8 ஆகிவிட்டது. மூன்று பக்கமும் இரண்டு மூன்று செமீ வித்தியாசம்தான். பெருக்கும்போது அது 2 கிலோவாக வந்து நிற்கிறது.

நீங்கள் எதை வைத்து அளக்கிறீர்கள்? தையல் டேப்பா?

#3 அச்சுமுறுக்கு_செங்காங்

தையல் டேப்தான் தம்பி! எப்படித் தெரிந்தது? பில் வந்த பிறகு இன்னொரு காலிப் பெட்டியை அதில்தான் அளந்து பார்த்தேன், ஒரு தடவை 41, இன்னொரு தடவை 42 என்று மாறி மாறிக் காட்டியது.

#4 பெனோய்_கிடங்கு

துணி டேப் நாளாக ஆக நீளும். போதாததற்கு, பெட்டி வயிறு தள்ளியிருந்தால் அதோடு சேர்ந்து வளைந்து போகும். கூரியரின் மெஷின் அப்படிப் போகாது, எந்த இடம் அதிகமாகத் துருத்திக்கொண்டிருக்கிறதோ அங்கேதான் அளக்கும்.

ஹார்ட்வேர் கடையில் விற்கும் ஸ்டீல் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நுனிக் கொக்கி கொஞ்சம் ஆடும். பழுது என்று நினைத்து இறுக்கிவிடாதீர்கள். கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு ஆடும்படிதான் செய்திருக்கிறார்கள். வெளியே மாட்டி இழுக்கும்போதும் சரி, உள்ளே முட்டி அளக்கும்போதும் சரி, அளவு சரியாக வருவதற்காக.

வீட்டில் நான் அளப்பது இப்படி. பெட்டியைக் கட்டி, டேப் ஒட்டி முடித்த பிறகு, இரண்டு சுவர் சேரும் மூலையில் தரையோடு தள்ளி வைப்பேன். சுவரடியில் பட்டை ஓடினால் அலமாரியின் பக்கவாட்டில் வைக்கலாம். எதிர்ப்பக்கம் காய் நறுக்கும் பலகையை நேராக நிறுத்தி, பெட்டியின் புடைத்த இடத்தைத் தொடும்வரை தள்ளி, சுவரிலிருந்து பலகை வரை தரையில் அளப்பேன். மேலே தலையில் பலகையைப் படுக்க வைத்து உயரம். புடைப்பு எங்கே இருந்தாலும் பலகை அதைப் பிடித்துவிடும். வரும் எண்ணை அடுத்த முழு செமீக்கு ஏற்றிப் போட்டுவிடுங்கள், பிறகு பில்லில் வித்தியாசமே வராது.

#5 தேக்கா_பட்டு

நான் புடவை அனுப்புகிறவள். அக்கா, முதலில் பெட்டி வேண்டுமா என்றே யோசியுங்கள் என்று சொல்ல வந்தேன். முறுக்குக்கு வேண்டும்தான், சரி. ஆனால் இதைப் படிக்கும் துணிக்கடைக்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

மூன்று புடவை, 1.4 கிலோ. அழகாக இருக்கட்டும் என்று 38 × 30 × 12 பெட்டியில் அனுப்பிக்கொண்டிருந்தேன். 13,680 ÷ 5000 = 2.74, அதாவது 3 கிலோ காசு. இப்போது தடித்த பாலி மெயிலரில், அதாவது பிளாஸ்டிக் கவரில், தட்டையாக 36 × 28 × 6. வால்யூம் எடை 1.2 கிலோதான், தராசு எடை அதைவிட அதிகம், 1.5 கிலோ காசு. சரிபாதி. புடவை என்ன உடையவா போகிறது?

ஒன்று மட்டும் கவனம். பட்டை நேராகப் பிளாஸ்டிக்கில் போடாதீர்கள். வெள்ளை மல் துணியில் சுற்றி அதற்கு மேல்தான் கவர். மழை பெய்து ஓய்ந்த மத்தியானத்தில் மடித்து மூடினால் நம் ஊர்க் காற்றின் ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், ஜரிகை கறுத்துப் போகும். நான் ஏர்கான் போட்ட அறையில் ஒரு ராத்திரி விரித்து வைத்துவிட்டுத்தான் மடிப்பேன்.

#6 கொலுப்படி

இரண்டு பேரும் சொல்வது சரி. ஆனால் எல்லாரும் பெட்டியைச் சிறியதாக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கவலையாக இருக்கிறது. நான் கொலு பொம்மை அனுப்புகிறேன், காகிதக்கூழும் மண்ணும். ஒரு தடவை ஒரு கிருஷ்ணர். 22 செமீ உயரம், புல்லாங்குழல் பிடித்த கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வால்யூம் எடையைக் குறைக்க வேண்டுமே என்று சுற்றிலும் இரண்டு செமீ பபிள் ராப் மட்டும் வைத்துப் பெட்டியை இறுக்கமாகக் கட்டினேன். போய்ச் சேர்ந்தபோது முழங்கையோடு கை தனியாக இருந்தது. வாங்கியவர் 70 வயதுப் பாட்டி. நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்னால் போனில் அழுதார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வருடம் அவர் கொலுவில் அந்தப் படி காலியாகத்தான் இருந்தது.

உடையும் பொருளுக்கு ஒவ்வொரு பக்கமும் 5 செமீ இடம் வேண்டும். கீழே, மேலே, நாலு பக்கமும். 22 × 12 × 9 பொம்மைக்கு உள்ளளவு 32 × 22 × 19. பொம்மை ஒரு கிலோகூட வராது, காசு 3 கிலோவுக்குக் குறையாது. நான் அதை விலையிலேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கேட்பவர்களிடம் காரணத்தையும் சொல்வேன், யாரும் மறுத்ததில்லை.

சுற்றும் முறையும் முக்கியம். நேராகப் பபிள் ராப்பைச் சுற்றினால் அது நீட்டிய கையைத்தான் முதலில் அழுத்தும். அதனால் முதலில் மெல்லிய டிஷ்யூ தாளைக் கசக்கி, கைக்கும் மார்புக்கும் நடுவில் இருக்கும் பொந்து, கழுத்தின் இரண்டு பக்கம், புல்லாங்குழலின் கீழ் எல்லாம் அடைப்பேன். பொம்மை ஒரு முட்டை மாதிரி வடிவத்துக்கு வந்த பிறகுதான் பபிள் ராப். சின்னக் குமிழி, 10 மில்லிமீட்டர், குமிழிப் பக்கம் பொம்மையைப் பார்த்து. அதற்கு மேல் பெரிய குமிழி. பிறகு பெட்டிக்குள் கசக்கிய தாள் நெருக்கமாக. மூடிவிட்டுக் காதருகில் வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே எதுவும் நகரும் சத்தம் கேட்கக் கூடாது.

(பபிள் ராப்பை 1957-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகத்தான் செய்து பார்த்தார்களாம். இன்று அது இல்லாமல் என் தொழில் இல்லை.)

#7 புங்கோல்_தம்பி

காசு கொடுத்துப் பெட்டி எதற்கு? பேரங்காடியில் கேட்டால் காலிப் பெட்டி சும்மாவே தருவார்கள். முட்டை அட்டையைக் கிழித்து நடுவில் வைத்தால் நல்ல மெத்தை. காசும் மிச்சம், குப்பையும் குறையும். நான் அண்ணனுக்கு அப்படித்தான் பெர்த்துக்கு அனுப்பப் போகிறேன்.

#8 பெனோய்_கிடங்கு

தம்பி, எண்ணம் நல்லது. ஆனால் பெர்த்துக்கு வேண்டாம், தயவுசெய்து நிறுத்துங்கள். ஆஸ்திரேலியாவின் உயிர்ப் பாதுகாப்பு விதி கடுமையானது. பழைய முட்டை அட்டை, பழம் காய்கறி வந்த பெட்டி, வைக்கோல், உமி இவற்றில் பொதிந்து அனுப்பக் கூடாது. பூச்சியும் நோய்க் கிருமியும் அதோடு போய்விடும் என்பதுதான் காரணம். பெட்டியைப் பிடித்து வைத்துவிடுவார்கள், உள்ளே இருக்கும் நல்ல பொருளும் சேர்ந்து அழியலாம். செங்காங் அக்காவும் மெல்பர்னுக்கு அனுப்புகிறாரே, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

பெரிய பொருளுக்கு மரச் சட்டம் அடிக்கிறவர்களுக்கும் இதுபோல ஒரு விதி உண்டு. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிடம் இருக்க வேண்டும், அதற்கான முத்திரை மரத்தில் தெரிய வேண்டும். ஐஎஸ்பிஎம் 15 என்பார்கள். ஒட்டுப்பலகைக்கு அது தேவையில்லை.

பழைய பெட்டியில் இன்னொரு குறை இருக்கிறது. அட்டைப்பெட்டியின் பலம் இருப்பது நடுவில் ஓடும் நெளிவிலும் நான்கு மூலையிலும்தான். ஒரு தடவை நசுங்கிய நெளிவு மறுபடி நிமிராது. மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், புதுசு எதிர்த்து நிற்கும், பழசு பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஈரம் பட்டால் இன்னும் மோசம். காற்றில் ஈரப்பதம் 50 விழுக்காட்டில் இருந்து 90-க்கு ஏறினால் அட்டை சுமக்கும் பலம் பாதியாகிவிடும். நம் ஊரில் விடியற்காலையில் அது சாதாரணம். எங்கள் கிடங்கில் மழைக்காலத்தில் திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், சனிக்கிழமை நேராக அடுக்கிய அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அடிப் பெட்டி மட்டும் மெல்ல வயிறு தள்ளி உட்கார்ந்திருக்கும்.

வீவக அடுக்குமாடி வீட்டில் பலர் மடித்த பெட்டிகளைத் துணி காயப்போடும் இடத்தில் சாய்த்து வைக்கிறார்கள். அங்கே வேண்டாம். படுக்கையறையில், தரையில் படாமல், கட்டிலுக்கு அடியில் பலகை மேல் வையுங்கள்.

உள்ளூரில் நண்பருக்கு அனுப்பப் பழைய பெட்டி தாராளமாகப் போதும். பழைய ஒட்டுத்தாளையும் பார்கோடையும் சுத்தமாக உரித்துவிடுங்கள். இல்லையென்றால் பிரிக்கும் மெஷின் பழைய விலாசத்தைப் படித்து வேறு எங்காவது அனுப்பிவிடும்.

#9 கடல்பெட்டி

ஊருக்குக் கப்பலில் அனுப்புவது பற்றி ஒன்று. கடல் சரக்கில் 5000 கணக்குக் கிடையாது. ஒரு கன மீட்டரை 1000 கிலோவுக்குச் சமமாக வைப்பார்கள். நம் பொருள் எதுவும் அவ்வளவு கனம் வராது, அதனால் இடத்துக்குத்தான் காசு. சில்லறையாக வாங்கி அனுப்பும் கடைகள் கிலோ கணக்கிலோ பெட்டிக் கணக்கிலோ வாங்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1972-ல் அங்கே முதல் கொள்கலன் கப்பல் வந்தபோது பார்த்ததைச் சொல்வார். அதுவரை மூட்டை மூட்டையாக முதுகில்தான். இரும்புப் பெட்டிக்குள் போனால் மழை படாது என்று எல்லாரும் நினைத்தார்கள், ஆனால் உள்ளேயே மழை பெய்யும் என்பார். உண்மைதான். பகலில் சூடேறி, ராத்திரி கூரை குளிர்ந்து, உள்ளே இருக்கும் ஈரம் துளியாகச் சொட்டும். அதனால் பெட்டிக்கு உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை, அதற்குள் பொருள், கூடவே சிலிகா ஜெல். முறுக்கு மட்டும் கப்பலில் வேண்டாம் அக்கா. வாரக்கணக்கில் அந்தச் சூட்டில் எண்ணெய் சிக்கடித்துவிடும்.

#10 அச்சுமுறுக்கு_செங்காங்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கொலுப்படி எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. அனுப்பியதில் எத்தனை முறுக்கு நொறுங்கிப் போயிருக்குமோ, வாங்கியவர்கள் சங்கடப்பட்டுச் சொல்லாமல் விட்டார்களோ என்று இரண்டு நாளாக அதே நினைப்பு.

அதனால் சோதித்துப் பார்த்தேன். பழையபடியே ஆறு டின் கட்டி, சாப்பாட்டு மேசை உயரத்திலிருந்து தரையில் போட்டேன். திறந்தால், டின்னுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே அச்சு முறுக்கின் இதழெல்லாம் நொறுங்கிக் கிடந்தது. கை முறுக்கு பரவாயில்லை. சுற்றிலும் தாள் திணித்தது டின்னைத்தான் காப்பாற்றியது, முறுக்கை இல்லை. டின்னுக்குள் மேலே இரண்டு விரல் இடம் விட்டிருந்தேன், அங்கேதான் அது ஆடியிருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். டின் உருண்டை. ஆறையும் நிறுத்தி மேலிருந்து பார்த்தால் நாலு டின்னுக்கு நடுவில் ஒரு குழி, ஓரத்தில் எல்லாம் பாதிக் குழி. அந்தக் காற்றுக்குத்தானே காசு கட்டியிருக்கிறேன்?

#11 பெனோய்_கிடங்கு

மேசை உயரம் என்று தானாகவே போட்டீர்களா! பெட்டிகளைச் சோதிக்கும் முறைகளை வகுக்கும் ஐஎஸ்டிஏ என்ற அமைப்பின் 1ஏ சோதனையிலும் 9.5 கிலோவுக்கு உட்பட்ட பெட்டிக்கு 76 செமீதான், ஏறக்குறைய மேசை உயரம். பத்துத் தடவை போட வேண்டும். முதலில் பலவீனமான ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று ஓரம், பிறகு ஆறு பக்கம். புதுப் பெட்டியை முடிவு செய்ததும் ஒரு தடவை முழுதாகச் செய்து பாருங்கள்.

உருண்டை டின் விஷயமும் சரியாகப் பிடித்தீர்கள். சதுரத்துக்குள் வட்டம் வைத்தால் 78 விழுக்காடுதான் நிறையும். மீதி காற்று.

இனி பெட்டியைத் தேடிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். முறுக்கிலிருந்து வெளியே வாருங்கள். முதலில் டப்பா, பிறகு அதைச் சுற்றி மெத்தை, அதற்கு மேல் அட்டையின் தடிமன், கடைசியாகத்தான் பெட்டி எண். 12 × 12 × 15 சதுர டப்பா கிடைக்கும். ஆறு வைத்தால் 36 × 24 × 15. உடையும் இடம் டப்பாவுக்குள்ளே என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டதால், டப்பாவுக்குள் மெத்தை வைத்து, வெளியே ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை செமீ பபிள் ராப் போதும். பொம்மைக்கு நான் இப்படிச் சொல்லவே மாட்டேன், கொலுப்படி சொன்ன 5 செமீதான். உங்கள் பெட்டிக்கு உள்ளளவு 39 × 27 × 18. மூன்று கிலோவுக்கு நல்ல சிங்கிள் வால், அதாவது மூன்றடுக்கு அட்டை, 4 மில்லிமீட்டர், தாராளம். வெளியளவு 39.8 × 27.8 × 19.6. ஏற்றினால் 40 × 28 × 20, அதாவது 4.48. 4.5 கிலோவில் நிற்கும்.

ஆனால் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. எந்தப் பக்கமாவது கொஞ்சம் புடைத்தாலும் 5 ஆகிவிடும். மேல் மடிப்பை மூடும்போது தட்டையாக உட்கார வேண்டும், எதையும் திணித்து மூடாதீர்கள்.

கையில் மீதி இருக்கும் பழைய அளவுப் பெட்டிகளை வீணாக்க வேண்டாம். காலிப் பெட்டியின் நாலு மூலைக் கோட்டையும் மேலிருந்து கீழாக 18 செமீ உயரம் வரை கத்தியால் வெட்டுங்கள். உள்பக்கம் அந்த உயரத்தில் ஸ்கேல் வைத்து, கத்தி முனையால் இல்லை, வெண்ணெய்க் கத்தியின் முதுகால் அழுத்திக் கோடு போடுங்கள். அட்டை வெட்டுப்படாமல் நெளிவு மட்டும் அமுங்கும். அந்தக் கோட்டில் மடித்தால் புது மூடி. மடிப்பு அதிகமாக நீண்டால் நுனியை வெட்டிவிடுங்கள். வெளியளவு 42 × 32 × 21, 5.64, அதாவது 6 கிலோ. 8-க்கு 6 லாபம்தானே.

ஒட்டும் டேப் 48 மில்லிமீட்டர் அகலம். நடுக்கோட்டில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் குறுக்கே ஒவ்வொன்று. மேலேயும் கீழேயும் அதே மாதிரி. ஒட்டும் முன் துணியால் தூசியைத் துடையுங்கள்.

#12 புங்கோல்_தம்பி

அண்ணா, முட்டை அட்டையை விட்டுவிட்டேன், நன்றி. சுருட்டிய ஓவியம் வைக்கும் குழாயை எப்படி அளப்பது? வட்டமாக இருக்கிறதே.

#13 பெனோய்_கிடங்கு

அதையும் பெட்டியாகவே எண்ணுவார்கள். விட்டம் 10 என்றால் 10 × 10 × நீளம். மூடி துருத்தியிருந்தால் அதையும் சேர்த்து. முக்கோணக் குழாய் கிடைத்தால் அதை எடுங்கள், வாகனத்தில் உருளாது.

#14 அச்சுமுறுக்கு_செங்காங்

கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன், தீபாவளி வேலை.

பழைய அளவுப் பெட்டி ஏழையும் வெட்டி, உயரம் குறைத்து அனுப்பினேன். ஏழுக்கும் 6 கிலோ பில்தான், கூடுதல் எதுவும் வரவில்லை. 39 × 27 × 18 அளவில் 50 பெட்டி செய்து வாங்கிக்கொண்டேன். ஒன்றைப் பத்துத் தடவையும் போட்டுப் பார்த்தேன். மூலையில் விழுந்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முறுக்கை டப்பாவில் நிறுத்தி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வெட்டிப் போட்டு, மேலே மீதி இருக்கும் இடத்தில் கசக்கிய பட்டர் பேப்பரை மூடி லேசாக அழுத்தும் அளவுக்கு வைத்தேன். இப்படி வைத்தால் எண்ணெயும் வெளியே வராது.

கொடுக்கும் முன் தராசில் வைத்து ஒரு படம், ஸ்டீல் டேப் பிடித்து மூன்று பக்கமும் ஒவ்வொரு படம் எடுத்து வைக்கிறேன். ஒரு பெட்டிக்கு 5 கிலோ என்று பில் வந்தது. படத்தை அனுப்பினேன், நான்கு நாளில் 4.5-ஆக மாற்றிவிட்டார்கள்.

மெல்பர்ன் பெட்டி நேற்றுப் போய்ச் சேர்ந்தது. ஆறு டப்பாவும் திறந்து படம் அனுப்பியிருக்கிறார். ஐந்தில் ஒரு இதழ்கூட உடையவில்லை. ஆறாவதில் மேல் அடுக்கில் இரண்டு உடைந்திருக்கிறது. அந்த டப்பா கடைசியாக மூடியது, பட்டர் பேப்பர் தீர்ந்துபோய் மேலே கொஞ்சமாகத்தான் வைத்தேன், நினைவிருக்கிறது. இன்று இரண்டு ரோல் வாங்கி வந்துவிட்டேன்.